மழை வந்தும் ஆறு வராதது ஏன்?



மாசி, பங்குனியில் மழை விட்டுப்போனால் லயத்துப் பீலியில் என்ன நடக்கும் என்று நாங்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மழை நின்ற மறுநாளே பீலி நின்றுவிடுவதில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை ஒன்றும் தெரியாது. பிறகு கை மொத்தம் விழுந்த தண்ணி விரல் மொத்தமாகும், விரல் மொத்தம் நூலாகும். குடங்களும் கேன்களும் வரிசையில் நிற்கும். கொழுந்தெடுத்துவிட்டுக் களைத்து வரும் தாய்மார் இருட்டும்வரை காத்திருக்க வேண்டிவரும். அப்புறம் ஒரு நாள் நல்ல மழை பெய்யும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பீலி அதே நூல்தான். "அதான் மழை பெய்ஞ்சிருச்சே, இன்னும் ஏன் தண்ணி வரல்ல?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

நல்ல கேள்வி. இதே கேள்வியை உலகத்தின் பெரிய ஆறொன்றின் கரையில் நாலு கோடிப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆற்றின் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம். தூரதேசத்துக் கதையாச்சே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பீலியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கிறது. அங்கே அதை நூறு வருடத்துக்கு மேலாக அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். வறட்சி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது படிப்படியாக வருகிறது. மழை குறைவது முதல் படி. மண்ணில் இருந்த ஈரம் போய்ச் செடி வாடுவது அடுத்த படி. ஊற்று, ஓடை, ஆறு, கிணறு, குளம் எல்லாம் இறங்கிப்போவது கடைசிப் படி. இந்தக் கடைசிப் படியைத்தான் படித்தவர்கள் நீரியல் வறட்சி என்கிறார்கள். நாம் ஆற்று வறட்சி என்றே சொல்லிக்கொள்வோம். இது வரும்போதும் பிந்தித்தான் வரும், போகும்போதும் பிந்தித்தான் போகும். வானத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்து ஆபீசில் மழைமானி வைத்துத் தினமும் அளந்து எழுதுகிறார்களே, அந்தக் கணக்குப் புத்தகம் மழையைச் சொல்லும், பீலியைச் சொல்லாது.

பாலைவனத்தின் நடுவே ஓர் ஆறு

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் ரொக்கி மலைத்தொடர் இருக்கிறது. அங்கே பிறக்கும் கொலராடோ ஆறு சுமார் 2,300 கிலோமீற்றர் ஓடி மெக்சிக்கோ நாட்டுக்குள் போகிறது. ஏழு மாநிலங்களும் மெக்சிக்கோவும் இந்த ஒரே ஆற்றைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆறு பிறக்கும் இடம் குளிர்ந்த உச்சி மலை. ஓடுகிற இடமோ பெரும்பாலும் வரண்ட பூமி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் யூமா என்றொரு ஊர் உண்டு. அங்கே வருடம் முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 4 அங்குலம் வராது. நம்ம மலைகளில் ஒரே அடைமழை நாளில் அந்த அளவு விழுந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கீரையும் பருத்தியும் விளைகிறது, பெரிய நகரங்கள் நிற்கின்றன என்றால், எல்லாம் மேலே மலையில் விழும் பனியின் தயவு. குளிர்காலத்தில் விழும் பனி மலையிலேயே குவிந்து கிடந்து, சித்திரை தொடக்கம் ஆடிவரை உருகி ஆறாகிறது. அந்தப் பனிதான் அவர்களுடைய சேமிப்புப் புத்தகம்.

1922 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஏழு மாநிலங்களின் பிரதிநிதிகளும் கூடி ஆற்றைப் பங்கு பிரித்தார்கள். அங்கே தண்ணியை ஏக்கர் அடி என்று அளப்பார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி நின்றால் அது ஒரு ஏக்கர் அடி; சுமார் 12 இலட்சம் லீற்றர். மேல் மாநிலங்களுக்கு வருடம் 75 இலட்சம் ஏக்கர் அடி, கீழ் மாநிலங்களுக்கு 75 இலட்சம் என்று எழுதினார்கள். பிறகு 1944 இல் மெக்சிக்கோவுக்கு 15 இலட்சம் என்று ஓர் உடன்படிக்கை ஆனது. மொத்தம் 1 கோடி 65 இலட்சம். ஆற்றில் அவ்வளவு தண்ணி இருப்பதாகத்தான் 1922 இல் நம்பினார்கள்.

அங்கேதான் தவறு நடந்தது. அவர்கள் கையில் இருந்தது சில வருடத்துக் கணக்கு. அந்த வருடங்களோ அந்த ஆற்றுக்கு வாய்த்த மிக ஈரமான வருடங்கள். நமக்குப் புரியும்படி சொன்னால், கொழுந்து நிறைந்து வந்த மாதத்துச் சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, வருடம் முழுக்க அப்படியே வரும் என்று கடைக்கணக்கு எழுதியது போல. கொழுந்து குறைந்த மாதம் வரும்போது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? தண்ணி போதாது என்று ஈ. சி. லாரூ என்ற அரசாங்க நீரியல் அறிஞர் அந்தக் காலத்திலேயே எழுதத்தான் செய்தார். எல்லோருக்கும் பங்கு கிடைத்த சந்தோஷத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை.

ஆறு உண்மையில் எவ்வளவு தரும் என்பதை மரங்கள் சொல்லிக் கொடுத்தன. மழை நன்றாகக் கிடைத்த வருடம் மரத்துக்குள் அகலமான வளையம் விழும். காய்ந்த வருடம் ஒடுங்கிய வளையம் விழும். அந்த மலைகளில் நிற்கும் பழைய மரங்களில் மெல்லிய துளை போட்டு வளையங்களை எண்ணினார்கள். 1976 இல் ஸ்டொக்டன், ஜகோபி என்ற இருவர் பல நூறு வருடத்துக் கணக்கை வெளியிட்டார்கள். சராசரி 1 கோடி 35 இலட்சம் ஏக்கர் அடிதான் என்று வந்தது. எழுதிக் கொடுத்ததற்கும் ஆற்றில் வருவதற்கும் 30 இலட்சம் ஏக்கர் அடி இடைவெளி! 2000 ஆம் ஆண்டுக்குப் பின் வந்த வருடங்களின் சராசரி இன்னும் இறங்கி 1 கோடி 25 இலட்சத்தின் பக்கத்தில் நிற்கிறது.

பனியை நிறுத்துப் பார்த்த வாத்தியார்

இனி முன்கூட்டியே அறிவது எப்படி என்பதைப் பார்ப்போம். இதிலே ஒரு வேடிக்கை. இந்தக் கலையைத் தொடங்கி வைத்தவர் ஒரு லத்தீன் மொழி வாத்தியார். நெவாடா மாநிலத்தில் ரீனோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஜேம்ஸ் சேர்ச் என்பவருக்கு மலை ஏறுவதில் பைத்தியம். பனிக்காலத்தில் ரோஸ் மலையில் ஏறி இறங்கியவர், 1900களின் தொடக்கத்தில் உள்ளே கூடான ஒரு நீண்ட இரும்புக் குழாயைச் செய்துகொண்டார். அதைப் பனிக்குள்ளே தரை தட்டும்வரை குத்தி எடுத்துக் குழாயோடு நிறுத்துப் பார்த்தார். பனியின் உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. 10 அங்குலம் உருகினால் 1 அங்குலம் தண்ணி வரும். இறுகிப்போன பழைய பனியில் இன்னும் கூடுதலாக வரும். ஆகவே நிறைதான் உண்மை சொல்லும். கொழுந்துக் கூடையை உயரம் பார்த்தா கணக்கு எழுதுகிறோம்? தராசில் போட்டுத்தானே எழுதுகிறோம்.

அந்த நிறையை வைத்து, கோடையில் பக்கத்து ஏரி எவ்வளவு உயரும் என்று சேர்ச் முன்கூட்டியே சொன்னார். அவர் வழியைப் பிடித்துக்கொண்டு மேற்கு மாநிலங்கள் முழுவதும் ஆட்கள் மாதத்துக்கு ஒரு தடவை பனிக்குள் நடந்து போய் அளந்தார்கள். 1970களின் பிற்பகுதியில் இதை இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். உறையாத திரவம் நிரப்பிய பெரிய தலையணை ஒன்றைத் தரையில் விரித்து வைத்துவிடுவார்கள். பனி அதன்மேல் விழுந்து அழுத்த அழுத்த, அழுத்தத்தின் அளவு தானாகவே வானொலி அலையில் போய்விடும். காட்டுக்குள்ளிருந்து செய்தி அனுப்பத் தொடக்கத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? எரிநட்சத்திரம் விழும்போது வானத்தில் ஒரு கணம் தங்கும் தடத்தில் அலையை மோதவிட்டுத் திருப்பி எடுத்தார்கள். கதை அல்ல, உண்மை. இப்படியான நிலையங்கள் இப்போது 900க்கு மேல் இருக்கின்றன. 2013 தொடக்கம் விமானத்திலிருந்து ஒளிக்கதிர் வீசியும் பனியின் ஆழத்தை அளக்கிறார்கள்.

பனிக் கணக்கு, மண் ஈரக் கணக்கு, ஆற்றின் மட்டம் எல்லாம் சோல்ட் லேக் நகரத்தில் உள்ள ஆற்று முன்னறிவிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேரும். அங்கே செய்வது ஒரு புத்திசாலித்தனமான வேலை. இன்றைக்கு மலையில் உள்ள பனியையும் ஈரத்தையும் அப்படியே வைத்துக்கொள்வார்கள். இனி வரும் காலநிலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கடந்த 30 வருடங்களில் நடந்த காலநிலையை ஒவ்வொன்றாக எடுத்து, "அந்த வருடம் போல இந்த வருடமும் போனால் ஆற்றில் எவ்வளவு வரும்?" என்று கணனியில் ஓட்டிப் பார்ப்பார்கள். 30 விடைகள் வரும். நடுவில் உள்ளது ஆகக்கூடுதலாக நம்பத்தக்கது. மேலே உள்ளவை நல்ல காலம், கீழே உள்ளவை கெட்ட காலம். இப்படித்தான் முன்னறிவிப்பு வெளியாகும், ஒரே எண்ணாக அல்ல. ஒரே எண்ணை அடித்துச் சொல்பவரை விட, "இதிலிருந்து இதுவரை" என்று சொல்பவரையே நாங்கள் நம்புவோம்.

இந்தக் கணக்கும் பிழைப்பதுண்டு. 1983 இல் பிந்தி விழுந்த பனியும் திடீர் வெப்பமும் சேர்ந்து ஆறு எதிர்பார்த்ததைவிடப் பெருகி வந்துவிட்டது. கிளென் கனியன் அணைக்கட்டில் தண்ணி வழியாமல் இருக்க, மதகுகளின் மேலே ஒட்டுப்பலகைகளை நிறுத்தித் தடுத்தார்கள். அவ்வளவு பெரிய அணைக்கட்டை ஒட்டுப்பலகை காப்பாற்றியது.

மண் முதலில் குடிக்கும்

இனிப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு வருவோம். 2020 இல் ரொக்கி மலையில் பனி ஏறக்குறைய வழமையான அளவுக்கே விழுந்தது. ஆனால் ஆற்றில் வந்தது வழமையில் பாதிதான். 2021 இல் பனி வழமையை விடக் கொஞ்சம்தான் குறைவு. அந்த வருடம் சித்திரை தொடக்கம் ஆடிவரை பவல் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்ந்த தண்ணியோ வழமையில் கால் பங்குதான். மீதி எங்கே போனது? முந்தின கோடையும் இலையுதிர் காலமும் கடுமையாகக் காய்ந்ததால் மலை மண் வரண்டு கிடந்தது. உருகிய தண்ணியை மண் முதலில் குடித்தது. வெயில் கூடியதால் செடியும் மரமும் கூடுதலாக உறிஞ்சின, காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. மிஞ்சியதுதான் ஆற்றுக்கு. லயத்துப் பீலியிலும் இதே கதைதான். முதல் மழை முழுவதையும் மலை குடித்துவிடுகிறது. மலையின் வயிறு நிறைந்த பிறகுதான் ஊற்றுக்குத் தண்ணி விடும்.

வெயிலின் பங்கு சிறிதல்ல. 2000 இலிருந்து 2014 வரை அந்த ஆற்றின் ஓட்டம் முந்தைய நூற்றாண்டின் சராசரியை விட 19 சதவீதம் குறைந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு மழைக் குறைவினால் அல்ல, சூடு கூடியதால் வந்தது என்று உடால், ஓவர்பெக் என்ற இரு அறிஞர்கள் 2017 இல் காட்டினார்கள். ஆகவே மழையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஆற்றின் கணக்குச் சரிவராது.

ஏரிக் கரையில் வெள்ளைக் கோடு

பெரிய நீர்த்தேக்கம் இருந்தால் இன்னொரு சங்கடம் உண்டு. அது வறட்சியை மறைத்துவிடும். கொலராடோவில் இந்த நீண்ட வறட்சி தொடங்கியது 2000 ஆம் ஆண்டில். அப்போது மீட், பவல் என்ற இரண்டு பெரும் நீர்த்தேக்கங்களும் ஏறக்குறைய நிறைந்து இருந்தன. ஆறு குறைந்தாலும் குழாயில் தண்ணி வந்துகொண்டே இருந்தது. சேமிப்பில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். பாறைகளில் தண்ணி நின்ற இடம் வெளுத்து, வருடா வருடம் அந்த வெள்ளைப் பட்டை அகலமாகிக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. குழாயைத் திறந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கடைசியாக 2007 இல் ஒரு விதி செய்தார்கள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் மாதத்தில், வரும் ஜனவரி முதலாம் திகதி மீட் நீர்த்தேக்கத்தின் மட்டம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,075 அடிக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் தட்டுப்பாடு என்று அறிவித்துப் பங்கைக் குறைக்க வேண்டும். 1,050 இல் இன்னும் குறைப்பு, 1,025 இல் அதற்கும் மேல் குறைப்பு. சண்டை வரும் முன்பே, யாருக்கு எப்போது எவ்வளவு குறையும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். முன்னறிவிப்பு என்பது சும்மா தெரிந்துகொள்வதற்கு மட்டும் இல்லை, அதற்கு ஒரு கடமை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதை நாங்கள் இங்கேதான் கண்டோம்.

2021 ஆகஸ்ட் 16 ஆம் திகதி முதல் தடவையாக அந்த அறிவிப்பு வந்தது. ஜனவரியில் மட்டம் சுமார் 1,066 அடிதான் இருக்கும் என்றது கணக்கு. அரிசோனா மாநிலத்துக்கு 2022 இல் 5 இலட்சத்து 12 ஆயிரம் ஏக்கர் அடி வெட்டு. அதன் பங்கில் 18 சதவீதம். மெக்சிக்கோவுக்கு 80 ஆயிரம் ஏக்கர் அடி வெட்டு. கலிபோர்னியாவுக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றும் குறையவில்லை, ஏனென்றால் பழைய சட்டப்படி அதன் உரிமை முந்தியது. அரிசோனாவுக்குள்ளும் எல்லோருக்கும் சமமாக விழவில்லை. பினல் என்ற பகுதியில் பருத்தியும் மாட்டுக்குப் புல்லும் போடும் விவசாயிகள் வரிசையில் கடைசியில் நின்றவர்கள். முதலில் அவர்களுடைய வாய்க்கால்தான் அடைபட்டது. பலர் காணியைத் தரிசாக விட்டார்கள், சிலர் கிணறு தோண்டினார்கள். வறட்சி எல்லோருக்கும் பொது என்பார்கள், தண்ணி வெட்டு அப்படி இல்லை.

கிணறு தோண்டுவதும் தப்பித்துக்கொள்ளும் வழியாக அமையவில்லை. 2002 இல் பறக்கவிட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள், பூமியின் ஈர்ப்பில் ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்து நிலத்துக்குள் உள்ள தண்ணியின் எடையையே அளந்தன. 2004 டிசம்பரிலிருந்து 2013 நவம்பர்வரை கொலராடோப் படுகை இழந்த தண்ணியில் முக்கால் பங்குக்கும் மேல் நிலத்தடி நீர் என்று 2014 இல் தெரிய வந்தது. ஏரியின் வெள்ளைக் கோட்டைக் கண் பார்த்தது. நிலத்துக்குள்ளே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

2022 ஆடி மாதம் மீட் ஏரி 1,040 அடிக்கு வந்தது. 1930களில் நிரப்பத் தொடங்கிய பிறகு அவ்வளவு கீழே அது போனதில்லை. 2023 இல் பனி அள்ளிக் கொட்டியது. இரண்டு ஏரிகளும் உயர்ந்தன, சனங்கள் மூச்சுவிட்டார்கள். ஆனால் ஒரு நல்ல வருடம் இருபது வருடப் பள்ளத்தை மூடாது. மாதக் கடைசியில் ஒரு நாள் கூடுதல் பேர் விழுந்தால் கடைக் கடன் முழுவதும் தீர்ந்துவிடுமா?

பீலியை அளப்பது எப்படி?

இதை வாசித்த பிறகு உங்கள் பீலியை நீங்களே அளந்து பார்க்க ஆசை வந்தால், பெரிய செலவில்லை. 20 லீற்றர் கேன் ஒன்றும், நொடி முள் உள்ள கடிகாரமும், ஒரு கொப்பியும் போதும். பீலித் தண்ணி முழுவதும் கேனுக்குள் விழும்படி பிடித்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லீற்றர். 50 நொடி ஆனால் 24 லீற்றர். 100 நொடி ஆனால் 12 லீற்றர். கிழமைக்கு ஒரு நாள், அதே நேரத்தில், அதே ஆள் அளப்பது நல்லது. பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் பொறுப்புக் கொடுத்தால் அழகாகச் செய்வார்கள். பக்கத்திலேயே அந்தக் கிழமை பெய்த மழையை ஆபீசில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மழை பெய்து ஓடும் அன்றைக்கு அளக்க வேண்டாம். மேல் தண்ணி கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று நாள் விட்டு அளந்தால் ஊற்றின் உண்மையான பலம் தெரியும். மழை நின்று எத்தனையாவது கிழமையில் 40 நொடி 60 ஆகிறது என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். அடுத்த வருடம் அதே கிழமைக்கு முன்பே தண்ணி விடும் முறையை லயத்தார் கூடிப் பேசிக்கொள்ளலாம். எந்த வீடு வரிசையில் கடைசியில் நிற்கிறது என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். முதல் வருடத்துக் கொப்பியை மட்டும் நம்பிப் பங்கு பிரித்துவிட வேண்டாம், அது 1922 ஆம் வருடத்துக் கொப்பியாகவும் இருக்கலாம்.